புது பயர்வால் போட்ட பிறகு ஒரு போர்ட் பார்வர்டு வெளியில் மட்டும் வேலை செய்கிறது, இன்னொன்று எங்குமே இல்லை

கரிசல்காடு (இரவு 9.50)

வணக்கம். அலுவலகத்தில் பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு இன்று மாலை பிஎஃப்சென்ஸ் பயர்வால் மாட்டினோம். லீஸ்டு லைன், எட்டு முகவரி கொண்ட பிளாக். இங்கே எழுத 203.0.113.8/29 என்று வைத்துக்கொள்கிறேன். சேவை நிறுவனத்தின் கேட்வே (வெளியே போகும் வாசல்) .9, எங்கள் வேன் (இணையப் பக்க) முகவரி .10 (கடைசி எண்ணை மட்டும் எழுதுகிறேன்). அதே பிளாக்கில் .11 ஐயும் விர்ச்சுவல் ஐபியாக (பயர்வாலுக்கான கூடுதல் முகவரி) சேர்த்திருக்கிறேன். உள்ளே லேன் 192.168.10.0/24, பயர்வால் 192.168.10.1.

இரண்டு போர்ட் பார்வர்டு (வெளியில் இருந்து வருவதை உள்ளே ஒரு சாதனத்துக்குத் திருப்பும் ரூல்) இருக்கின்றன. ஒன்று .10 இன் 443 ஐ 192.168.10.20 இல் இருக்கும் இஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) சர்வருக்கு அனுப்புவது. மொபைல் டேட்டாவில் இருந்து திறந்தால் அருமையாக வருகிறது. ஆனால் அலுவலகத்துக்குள் இருந்து அதே பெயரைத் திறந்தால் இஆர்பிக்குப் பதிலாக பயர்வாலின் பக்கம் வந்து டிஎன்எஸ் ரீபைண்ட் தாக்குதல் என்று எச்சரிக்கிறது.

இன்னொன்று .11 இன் 8000 ஐ 192.168.10.50 இல் இருக்கும் கேமரா என்விஆருக்கு (பதிவுப் பெட்டி) அனுப்புவது. இது உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ரூல் இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருக்கின்றன, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பயர்வாலில் இருந்து .50 க்கு பிங் அடித்தால் பதில் வருகிறது. நாளைக் காலை கிளைகளில் எல்லோரும் லாகின் செய்வதற்குள் சரியாக வேண்டும். எங்கே பார்ப்பது?

வைகைக்கரை (இரவு 10.05)

முதல் பிரச்சினைக்கு நாட் ரிஃப்ளெக்ஷன் ஆன் செய்யுங்கள், முடிந்தது. நாட் என்றால் முகவரி மாற்றம்; உள்ளே இருந்து வெளிமுகவரியைத் தொட்டாலும் போர்ட் பார்வர்டை வேலை செய்ய வைப்பது ரிஃப்ளெக்ஷன். சிஸ்டம் மெனுவில் அட்வான்ஸ்டு, அதில் பயர்வால் & நாட் பக்கத்தில் இருக்கிறது. பியூர் நாட் என்று தேர்வு செய்துவிட்டு, அதன் கீழே ரிஃப்ளெக்ஷனுக்கான தானியங்கி அவுட்பவுண்ட் நாட் பெட்டியையும் டிக் செய்யுங்கள். அந்த இரண்டாவது டிக்கை விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

பாக்கெட்வழி (இரவு 10.20)

கரிசல்காடு, ரூலை ஒப்பிட்டது போதும், இனி அதைத் தொடாதீர்கள். நாட் சிக்கலில் ரூலையே பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். பாக்கெட் எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை முதலில் பிடிக்க வேண்டும்.

.11 ஐ எடுத்துக்கொள்வோம். டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் பாக்கெட் கேப்சர் இருக்கிறது. முதலில் வேன் இன்டர்பேஸில், ஹோஸ்ட் 203.0.113.11 என்று போட்டு ஓடவிடுங்கள். மொபைல் டேட்டாவில் இருந்து 8000 ஐத் தொடச் சொல்லுங்கள். வைஃபையை அணைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருந்துகொண்டே வெளியே இருப்பதாக நினைத்துக் குழம்புவோம். அப்புறம் அதே சோதனையை லேன் இன்டர்பேஸில், ஹோஸ்ட் 192.168.10.50 என்று போட்டு இன்னொரு முறை.

பார்க்க வேண்டியவை: வேனில் சின் (இணைப்பு கேட்கும் முதல்) பாக்கெட் வந்ததா? வந்திருந்தால், சேருமிடம் .50 ஆக மாறி அது லேன் வழியே வெளியேறியதா? வெளியேறியிருந்தால், .50 இல் இருந்து சின்-அக் (சின்னுக்கான பதில்) திரும்பியதா? திரும்பிய பதில் வேன் வழியே .11 முகவரியோடு போனதா? எந்தக் கேள்விக்கு முதலில் இல்லை என்று பதில் வருகிறதோ, கோளாறு அங்கே இருக்கிறது. மிச்ச இடத்தையெல்லாம் அப்படியே விட்டுவிடலாம்.

கூடவே ஸ்டேட்ஸ் (நடப்பு இணைப்புகளின் பட்டியல்) பக்கத்தில் .50 என்று தேடிப் பாருங்கள், வரி ஏதாவது வருகிறதா என்று.

கரிசல்காடு (இரவு 10.55)

பார்த்தேன். வேனில் சின் வருகிறது. ஒரே சின் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வருகிறது, பதில் ஏதும் இல்லை. லேனில் ஒன்றும் இல்லை. ஸ்டேட் டேபிளில் ஒரு வரிகூட இல்லை. பயர்வால் லாகில் தடுத்ததாகவும் இல்லை. இதுதான் புரியவில்லை. விடவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்றால் பாக்கெட் எங்கே போகிறது?

பாக்கெட்வழி (இரவு 11.05)

நல்ல தடயம். விடவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்றால் அந்தப் பாக்கெட் பயர்வால் ரூல்களின் வாசலுக்கே வரவில்லை. ஆனால் கேப்சரில் தெரிகிறது. கேப்சர் பக்கத்தில் புராமிஸ்குவஸ் டிக் ஆகியிருக்கும், சரிதானே? அந்த நிலையில் கார்டு தனக்கு வராத பிரேமையும் எடுத்துக் காட்டும். கேப்சர் கோப்பை இறக்கி வயர்ஷார்க்கில் திறந்து, அந்த சின் பாக்கெட்டின் ஈதர்நெட் பகுதியைப் பாருங்கள். சேருமிட மேக் முகவரி (கார்டின் வன்பொருள் முகவரி) உங்கள் புதுப் பெட்டியின் வேன் கார்டுடையதா?

இன்னொன்று, .11 ஐ விர்ச்சுவல் ஐபியாகச் சேர்த்தபோது எந்த வகை கொடுத்தீர்கள்?

கரிசல்காடு (இரவு 11.20)

இல்லை! பழைய ரவுட்டரின் மேக். அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன், கடைசி எழுத்து வரை அதேதான். விர்ச்சுவல் ஐபி வகை ப்ராக்சி ஆர்ப் என்று இருக்கிறது. ஆனால் .10 மட்டும் எப்படி வேலை செய்கிறது? அதுவும் பழைய ரவுட்டரில் இருந்த முகவரிதானே?

பாக்கெட்வழி (இரவு 11.40)

அதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சேவை நிறுவனத்தின் ரவுட்டருக்கு உங்கள் நாட் பற்றி ஒன்றும் தெரியாது. .10 யாரிடம் இருக்கிறது, .11 யாரிடம் இருக்கிறது என்று ஒரு ஆர்ப் பட்டியல் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்பது) மட்டும் அதனிடம் இருக்கும். மாலை வரை இரண்டுக்கும் நேரே பழைய ரவுட்டரின் மேக் இருந்தது. நீங்கள் புதுப் பெட்டியை மாட்டியதும் அது கேட்வேயைத் தேடி '.9 யார்?' என்று ஆர்ப் கேட்டது. அந்தக் கேள்விக்குள்ளேயே கேட்பவரின் ஐபியும் மேக்கும் இருக்கும். பட்டியலில் ஏற்கெனவே உள்ள ஐபியில் இருந்து கேள்வி வந்தால் அந்த வரியைப் புது மேக்கோடு திருத்திக்கொள்ள வேண்டும் என்பது ஆர்பின் அடிப்படை விதி, 1982 இல் வந்த ஆர்எஃப்சி 826 என்ற இணைய நெறிமுறை ஆவணத்திலேயே இருக்கிறது. அதனால் .10 தானாகச் சரியாகிவிட்டது.

.11 அப்படி இல்லை. அது வெறும் மொழிபெயர்ப்புக்கான முகவரி. அந்த முகவரியில் இருந்து யாரும் ஆர்ப் கேட்பதில்லை. ப்ராக்சி ஆர்ப் வகையும் யாராவது கேட்டால் பதில் சொல்லுமே தவிர, தானாக முன்வந்து அறிவிக்காது. எதிர்ப்பக்கம் கேட்கவும் போவதில்லை, ஏனென்றால் அதன் பட்டியலில் பழைய பதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிஸ்கோ ரவுட்டராக இருந்தால் ஆர்ப் வரி இயல்பாக 4 மணி நேரம் இருக்கும்.

விர்ச்சுவல் ஐபியை ஐபி அலியாஸ் வகைக்கு மாற்றிச் சேமியுங்கள். முகவரி கார்டில் ஏறும்போது பெட்டி தானாகவே ஒரு கிராட்டுயிட்டஸ் ஆர்ப் (யாரும் கேட்காமலேயே தரும் அறிவிப்பு) அனுப்பும். அதற்கும் மசியாவிட்டால் சேவை நிறுவனத்தை அழைத்து .11 க்கான ஆர்ப் வரியை அழிக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் மேக்கை ஐபியோடு கையால் கட்டி வைத்திருப்பார்கள், அங்கே போன் செய்வதைத் தவிர வழி கிடையாது.

கரிசல்காடு (நள்ளிரவு 12.05)

ஐபி அலியாஸ் என்று மாற்றினேன், உடனே மாற்றம் தெரிந்தது. இப்போது மேக் சரி, ஸ்டேட் டேபிளில் வரி வருகிறது, லேன் பக்கம் சின் 192.168.10.50 க்குப் போகிறது. ஆனால் அங்கிருந்து சின்-அக் வரவில்லை. பயர்வாலில் இருந்து பிங் இப்போதும் போகிறது. லேனில் இருக்கும் என் கணினியில் இருந்து நேராக 192.168.10.50 இன் 8000 ஐத் திறந்தால் கேமரா எல்லாம் வருகிறது. வெளியில் இருந்து மட்டும் இல்லை.

நள்ளிரவுஷிப்ட் (நள்ளிரவு 12.10)

என்விஆரில் கேட்வே என்ன இருக்கிறது? பழைய ரவுட்டரின் லேன் முகவரியும் 192.168.10.1 தானா, இல்லை வேறா?

பயர்வாலும் உங்கள் கணினியும் என்விஆரோடு ஒரே சப்நெட்டில் (192.168.10.0/24 வலையில்) இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்ல அதற்குக் கேட்வே தேவையே இல்லை. வெளியில் இருந்து வரும் சின்னில் சேருமிடம்தான் மாற்றப்பட்டிருக்கிறது. அனுப்புநர் முகவரி அந்த மொபைலின் பொது முகவரியாகவே இருக்கும். அதற்குப் பதில் அனுப்பத்தான் கேட்வே வேண்டும். அதனால் பயர்வாலில் இருந்து அடிக்கும் பிங் இந்த விஷயத்தில் எதையும் நிரூபிக்காது.

கரிசல்காடு (நள்ளிரவு 12.30)

அதேதான் அண்ணா. பழைய ரவுட்டர் லேனில் .254 இல் இருந்தது. மற்ற கணினிகள் எல்லாம் டிஎச்சிபி, தானாக .1 க்கு வந்துவிட்டன. இஆர்பி சர்வரில் மாலையே மாற்றியிருந்தேன். என்விஆருக்குக் கேமரா பொருத்தியவர்கள் கையால் ஐபி கொடுத்து .254 ஐக் கேட்வேயாக வைத்திருக்கிறார்கள். .1 என்று மாற்றினேன், மொபைலில் படம் ஓடுகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

நள்ளிரவுஷிப்ட் (நள்ளிரவு 12.40)

நல்லது. பின்னால் தேடி வருபவர்களுக்காக ஒரு குறிப்பு. சில சாதனங்களில் கேட்வே போடவே இடம் இருக்காது, அல்லது அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் லேன் இன்டர்பேஸில் ஒரு அவுட்பவுண்ட் நாட் ரூல் போட்டு, அந்தச் சாதனத்துக்குப் போகும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியைப் பயர்வாலின் லேன் முகவரியாக மாற்றிவிடலாம். சாதனம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்லிவிடும். ஆனால் அதன் லாகில் எல்லா வருகையும் 192.168.10.1 என்றே பதிவாகும், யார் வந்தார்கள் என்பது தெரியாமல் போய்விடும்.

பாக்கெட்வழி (நள்ளிரவு 12.55)

கரிசல்காடு, வேலை செய்கிறது என்பதில் மகிழ்ச்சி. இப்போது அந்த போர்ட் பார்வர்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மையாகவே சொல்கிறேன்.

என்விஆரை நேராக இணையத்தில் திறந்து வைப்பது பெரிய ஆபத்து. 2016 இல் மிராய் என்ற மால்வேர் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தொழிற்சாலை பாஸ்வேர்டு கொண்டே பிடித்துப் படையாக்கியது. அந்த அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. உங்கள் என்விஆர் தாக்கப்பட்டால் அது இருப்பது இஆர்பி சர்வரோடு ஒரே சப்நெட். நாட் என்பது முகவரி மாற்றம்தான், அதைப் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. பிஎஃப்சென்ஸிலேயே வயர்கார்டு பேக்கேஜ் போடலாம், ஓபன்விபிஎன் ஏற்கெனவே இருக்கிறது. கேமரா பார்க்க வேண்டிய இரண்டு மூன்று பேரின் போனில் விபிஎன் போட்டுக்கொடுங்கள், 8000 ஐ மூடிவிடுங்கள்.

இனி உள்ளே இருந்து இஆர்பி திறக்காத விஷயம். வைகைக்கரை சொன்ன வழி வேலை செய்யும். இருந்தாலும் என் ஓட்டு ஸ்ப்ளிட் டிஎன்எஸ்ஸுக்குத்தான் (ஒரே பெயருக்கு உள்ளே ஒரு முகவரி, வெளியே வேறு முகவரி சொல்வது). காரணம் சொல்கிறேன்.

192.168.10.77 இல் இருக்கும் கணினி 203.0.113.10 க்கு சின் அனுப்புகிறது. பயர்வால் சேருமிடத்தை .20 என்று மாற்றித் திருப்பி லேனுக்கே விடுகிறது. சர்வர் பார்ப்பது .77 இல் இருந்து வந்த சின். .77 பக்கத்திலேயே இருப்பதால் பயர்வாலைத் தொடாமல் நேராகப் பதில் அனுப்புகிறது. கணினியோ 203.0.113.10 இல் இருந்து பதிலுக்குக் காத்திருக்கிறது. தெரியாத .20 இல் இருந்து ஒரு சின்-அக் வந்ததும் ரீசெட் அடித்துவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் வைகைக்கரை சொன்ன இரண்டாவது டிக். அது அனுப்புநரையும் பயர்வாலாக மாற்றிப் பதிலைத் தன் வழியே இழுக்கும். விளைவாக, உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் இஆர்பி லாகில் 192.168.10.1 ஆகிவிடுவார்கள். பத்தடி தூரத்தில் இருக்கும் சர்வருக்கான டிராபிக் எல்லாம் பயர்வால் வழியே ஏறி இறங்கும்.

டிஎன்எஸ் ரிசால்வரில் ஹோஸ்ட் ஓவர்ரைடு ஒன்று சேர்த்து, அந்தப் பெயருக்கு உள்ளே கேட்பவர்களுக்கு 192.168.10.20 என்று பதில் சொல்லச் சொன்னால் இந்தச் சுற்றே வேண்டாம்.

வைகைக்கரை (நள்ளிரவு 1.10)

லாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஸ்ப்ளிட் டிஎன்எஸ் எல்லா இடத்திலும் பொருந்தாது. ஒரே பெயரில் 443 ஒரு சர்வருக்கும் 8443 இன்னொரு சர்வருக்கும் போகிறது என்றால் டிஎன்எஸ் என்ன செய்யும்? அதற்குப் போர்ட் தெரியாது. வெளியே 8443, உள்ளே 443 என்று போர்ட் மாற்றியிருந்தாலும் இதே கதிதான். மேலும், ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறது. ஊழியர் அதில் ஏதாவது வெளிச் சேவையின் பெயரைப் போட்டு வைத்திருந்தால் அவர் போன் நம் ரிசால்வரைக் கேட்கவே கேட்காது. பிரவுசரிலேயே டிஎன்எஸ்ஸை எச்டிடிபிஎஸ்ஸில் கேட்பதும் இப்போது சகஜம். இருபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு போனையும் வாங்கிப் பார்க்க முடியுமா?

நள்ளிரவுஷிப்ட் (நள்ளிரவு 1.20)

மூன்றாவது வழி இருக்கிறதே. சர்வரை வேறு சப்நெட்டுக்கு, தனி விலேனுக்கு நகர்த்திவிடுங்கள். அப்புறம் பதில் எப்படியும் பயர்வால் வழியேதான் வர வேண்டும். அனுப்புநரை மாற்றாமலேயே ரிஃப்ளெக்ஷன் வேலை செய்யும், லாகில் உண்மையான முகவரியும் இருக்கும். என்விஆரிடம் இருந்து இஆர்பியும் பிரிந்துவிடும்.

பாக்கெட்வழி (நள்ளிரவு 1.25)

ஒப்புக்கொள்கிறேன், அதுதான் சரியான நீண்ட நாள் தீர்வு. காலைக்குள் சர்வர் முகவரியை மாற்றுவது வேண்டாம். இன்றிரவு ஹோஸ்ட் ஓவர்ரைடு, வார இறுதியில் விலேன்.

மஞ்சள்மரம் (காலை 8.15)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களிடமும் பிஎஃப்சென்ஸ்தான். ஐபி போன்கள் வெளியே அழைக்கும், ஆனால் உள்வரும் அழைப்பு சில நேரம் மணியே அடிப்பதில்லை. போனை ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கும். இதுவும் நாட் பிரச்சினையா?

நள்ளிரவுஷிப்ட் (காலை 8.40)

ஆமாம், யுடிபி (சின் போன்ற தொடக்கம் இல்லாமல் அனுப்பும் முறை) ஸ்டேட் காலாவதி. போன் சேவை நிறுவனத்திடம் பதிவு செய்யும்போது ஒரு ஸ்டேட் உருவாகிறது. உள்வரும் அழைப்பு அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். பிஎஃப்சென்ஸில் யுடிபி ஸ்டேட் இயல்பாக ஒரு நிமிடம்கூடத் தாண்டாது. போனோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபதிவு செய்யும்படி இருக்கும். நடுவே வரும் அழைப்புக்கு வழி இல்லை. யுடிபி வழியை 2 நிமிடத்துக்குக் குறைவாக மூடக் கூடாது, 5 நிமிடம் நல்லது என்று 2007 இல் வந்த ஆர்எஃப்சி 4787 சொல்கிறது. பல பெட்டிகள் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

போனில் கீப்அலைவ் 20 அல்லது 30 விநாடிக்கு வையுங்கள். அல்லது பயர்வாலில் ஆப்டிமைசேஷனை கன்சர்வேட்டிவ் என்று மாற்றுங்கள். அழைப்பு வந்தும் ஒருபக்கக் குரல் மட்டும் கேட்டால் அது வேறு கோளாறு. போன் தன் 192.168 முகவரியை சிப் (அழைப்பை ஏற்படுத்தும்) செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பியிருக்கும். தலைப்பில் உள்ள முகவரியை மட்டுமே நாட் மாற்றும், உள்ளே எழுதியதைத் தொடாது. போனில் ஸ்டன் (தன் வெளிமுகவரியைக் கேட்டறியும் வசதி) ஆன் செய்து பாருங்கள்.

தாமிரபரணி22 (காலை 9.05)

வீட்டு பைபர் இணைப்பில் போர்ட் பார்வர்டு எவ்வளவு முயன்றும் வரவில்லை. ரவுட்டரில் வேன் முகவரி 100.72 என்று தொடங்குகிறது.

பாக்கெட்வழி (காலை 9.10)

100.64 முதல் 100.127 வரை உள்ளவை சேவை நிறுவனங்கள் தங்கள் பக்கம் இன்னொரு நாட் வைப்பதற்கென்றே 2012 இல் ஒதுக்கப்பட்ட முகவரிகள். உங்கள் ரவுட்டரில் என்ன ரூல் போட்டாலும் பாக்கெட் உங்கள் வாசலுக்கே வராது. நிலையான பொது ஐபி கேட்டு வாங்குங்கள், அல்லது ஐபிவி6 இருந்தால் அதில் திறங்கள். இரண்டும் இல்லையென்றால் வாடகை சர்வர் ஒன்றுக்கு வீட்டில் இருந்து வயர்கார்டு டன்னல் போட்டு அதன் வழியே உள்ளே வரலாம்.

வைகைக்கரை (காலை 9.30)

வேறு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ரூலில் எந்த முகவரியை எழுதுவது, மாற்றத்துக்கு முந்தையதா பிந்தையதா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பிஎஃப்சென்ஸிலும் லினக்ஸ் ஃபார்வர்டு செயினிலும் உள்முகவரி. சிஸ்கோ ஏஎஸ்ஏவில் 8.3 வரும் வரை வெளிமுகவரி, 8.3 முதல் உள்முகவரி. பாலோ ஆல்டோவில் முகவரி மாற்றத்துக்கு முந்தையது, ஆனால் ஜோன் (வலைப் பகுதி) மட்டும் மாற்றத்துக்குப் பிந்தையது. ஒரு பெட்டியில் பழகிவிட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று, லினக்ஸில் ஒவ்வொரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே நாட் டேபிளைப் பார்க்கும். பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டே ரூலை மாற்றினால் பழைய கான்டிராக் (இணைப்புப் பதிவு) வரி அந்தப் பிங்காலேயே உயிரோடு இருக்கும், புது ரூல் வேலை செய்யாததுபோலத் தெரியும். பிங்கை நிறுத்தி, வரியை அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

கரிசல்காடு (மாலை 6.20)

கிளைகள் எல்லாம் லாகின் ஆகிவிட்டன. ஹோஸ்ட் ஓவர்ரைடு போட்டதும் உள்ளேயும் இஆர்பி வருகிறது. 8000 ஐ மூடிவிட்டேன், மேனேஜர் போனில் வயர்கார்டு போட்டாயிற்று. காலியான .11 ஐ மெயில் சர்வருக்குக் கொடுத்தோம், 192.168.10.30. வெளியில் இருந்து மெயில் வருகிறது. ஆனால் நாங்கள் அனுப்பும் மெயில் சில இடங்களில் திரும்பி வருகிறது, அனுப்பிய ஐபி .10 என்று காட்டுகிறது. எஸ்பிஎஃப் பதிவிலும் (எந்த ஐபி நம் மெயிலை அனுப்பலாம் என்பது) ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸிலும் (ஐபிக்கு உரிய பெயர்) .11 தான் இருக்கிறது.

பாக்கெட்வழி (மாலை 6.45)

போர்ட் பார்வர்டு உள்ளே வருவதற்கு மட்டும்தான். .30 தானாக வெளியே போகும்போது மற்றவர்களைப் போல வேன் முகவரியான .10 இல்தான் போகும். அவுட்பவுண்ட் நாட்டை ஹைபிரிட் நிலைக்கு மாற்றி, வேன் இன்டர்பேஸில் ஒரு ரூல் சேர்க்கவும்: அனுப்புநர் 192.168.10.30/32, மொழிபெயர்ப்பு முகவரி 203.0.113.11. ஹைபிரிட்டில் நீங்கள் எழுதிய ரூல்கள் தானியங்கி ரூல்களுக்கு முன்பே பார்க்கப்படும். பிறகு ஸ்டேட்ஸ் பக்கத்தில் .30 இன் பழைய வரிகளை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் திறந்திருக்கும் இணைப்புகள் .10 இலேயே தொடரும்.

கரிசல்காடு (இரவு 7.30)

ரூல் போட்டு, ஸ்டேட்டை அழித்தேன். வேன் கேப்சரில் 25 க்குப் போகும் சின் இப்போது .11 இல் இருந்து கிளம்புகிறது. திரும்பி வந்த முகவரிகளுக்கே மறுபடி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். சனிக்கிழமை விலேன் வேலை.